70 பூங்காக்களுக்குப் பூட்டு: அமைப்புகளிடம் கொடுத்துவிட்டால் என்ன?

16 மே 2011 (கேள்வி)

வெள்ளிக்கிழமை செய்தி பார்த்தீர்களா? கலிஃபோர்னியாவின் 278 மாநிலப் பூங்காக்களில் 70-ஐ அடுத்த ஜூலை 1-க்குள் மூடுகிறார்களாம். இதில் அரசுக்கு மிச்சம் 2.2 கோடி டாலர். இந்த ஊரில் கம்பெனித் தலைவர்கள் வாங்குகிற போனஸ் அளவு. அரசால் முடியாவிட்டால் லாப நோக்கமில்லாத ஏதாவது ஓர் அமைப்பிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதானே? ஊர்க்கோவிலை ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வதில்லையா? இதற்கு எதற்குச் சட்டம், மசோதா என்று இழுக்கிறார்கள்?

17 மே 2011

கோவிலை இதற்குள் இழுக்காதீர்கள். தமிழ்நாட்டில் பெரிய கோவில்களை நடத்துவது ஊர்க்காரர்கள் இல்லை, அறநிலையத் துறை. அதுவும் அரசுதான்.

மூடப்போகும் பட்டியலை முழுக்கப் படித்தேன். நம் சிலிக்கான் பள்ளத்தாக்குப் பக்கத்தில் ஹென்றி கோ, காசில் ராக், போர்ட்டோலா ரெட்வுட்ஸ் மூன்றும் இருக்கின்றன. வடக்கே சைனா கேம்ப், சாமுவேல் டெய்லர், ஆனடெல், ஜாக் லண்டன், சுகர்லோஃப். பூங்காத் துறை சொல்லும் கணக்கு இது: மூடாமல் விடும் 208 பூங்காக்களுக்குத்தான் மொத்த ஜனத்தில் 92 சதவீதம் போகிறது, வருமானத்தில் 94 சதவீதமும் அங்கிருந்துதான் வருகிறது. கணக்குப் பிள்ளை பார்வையில் சாமர்த்தியமான பட்டியல். ஆனால் திருப்பிப் பாருங்கள். மூடப்போகிற 70-ம் சேர்ந்து கொண்டுவருவது 6 சதவீத வருமானம். இந்த 70-ஐத்தான் அமைப்புகள் தலையில் கட்டச் சொல்கிறீர்கள்.

இங்கே ஒரு தமிழ்ச் சங்கத்துக்குப் பொருளாளராகக் குப்பை கொட்டியவன் நான். 501 சி 3 (லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கான வரிவிலக்குப் பிரிவு) என்றால் என்ன, ஆண்டுக் கணக்கை எந்தப் படிவத்தில் எழுத வேண்டும், சமோசா விற்ற காசு எந்த வரியில் வரும் என்பதெல்லாம் அத்துப்படி. பொங்கல் விழாவுக்கு நகரப் பூங்காவில் ஒரு கொட்டகையை அரை நாள் எடுப்பதற்கே பத்து லட்சம் டாலருக்கு இன்சூரன்ஸ் சான்றிதழ் கேட்டார்கள். அடுப்பு வைக்கலாமா, மைக் வைக்கலாமா, குழந்தைகள் குதிக்கிற பலூன் வீடு வைக்கலாமா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம். அரை நாளுக்கே இந்தப் பாடு. ஹென்றி கோ 87,000 ஏக்கர். அதற்கு எந்தச் சங்கம் கையெழுத்துப் போடும்?

இன்னொன்று. மார்ச்சில் பட்ஜெட்டோடு நிறைவேறிய ஏபி 95 (‘ஏபி’ என்றால் மாநிலக் கீழவையில் பிறந்த மசோதா) சட்டம் எந்தப் பூங்காவை மூடலாம் என்பதற்கு அளவுகோல்கள் சொல்கிறது: மாநில அளவில் முக்கியத்துவம், எத்தனை பேர் வருகிறார்கள், மூடினால் நிஜமாகவே எவ்வளவு மிச்சம், மூடவே முடியுமா, கைகொடுக்க யாராவது இருக்கிறார்களா, நிலப் பத்திரத்தில் நிபந்தனை உண்டா என்று போகிறது. அதே சட்டத்தில், மூடிய பூங்காவுக்குள் யாராவது விழுந்து கைகாலை உடைத்துக்கொண்டால் அரசு பொறுப்பாகாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். பூட்டினாலும் ஜனங்கள் உள்ளே போவார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

17 மே 2011, இரவு

‘எதற்குச் சட்டம்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன். இப்போதுள்ள சட்டப்படி பூங்காவுக்குள் ஓர் உணவகத்தையோ படகுத்துறையையோ தனியாருக்குக் குத்தகை விடலாம். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), நகராட்சி போன்ற இன்னோர் அரசு அமைப்பிடம் பூங்காவை ஒப்படைக்கலாம். தன்னார்வ அமைப்பிடம் முழுப் பூங்காவையும் தூக்கிக் கொடுக்கப் பொதுவான அனுமதி இல்லை. மேரின் பகுதி உறுப்பினர் ஜாரெட் ஹஃப்மன் கொண்டுவந்திருக்கும் ஏபி 42 மசோதா அந்த அனுமதியைக் கேட்கிறது. இன்னும் சட்டமன்றத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது.

19 மே 2011

‘புலி வருது கதை’ என்று எழுதியவருக்கு: வாஸ்தவம்தான். 2008-ல் 48 பூங்கா என்றார்கள், மூடவில்லை. 2009-ல் 220 என்றார்கள், மூடவில்லை. அது ஸ்வார்ஸ்னெகர் காலம். இப்போது ஜெர்ரி பிரவுன், 70. ஆளுநர் மாறினாலும் புலி மாறவில்லை.

ஆனால் நடுவில் ஒன்று நடந்ததை மறந்துவிட்டீர்கள். போன நவம்பர் தேர்தலில், மக்களே நேரடியாக வாக்களிக்கிற 21-ஆம் எண் பிரேரணை இருந்தது. வண்டிப் பதிவோடு ஆண்டுக்கு 18 டாலர் கூடுதலாகக் கட்டினால் மாநிலப் பூங்காக்களில் வண்டி நுழைவு இலவசம், பூங்காக்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டாலர் கிடைத்திருக்கும். வாக்களித்தவர்களில் 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நம் நண்பர் வட்டத்திலேயே ‘வண்டி ரெண்டு இருக்கு, 36 டாலர் யார் கட்டுறது’ என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் இரண்டு பேர் இப்போது பூங்கா மூடுவதை எதிர்த்து மனுவில் கையெழுத்து கேட்டு எனக்கு மெயில் அனுப்பியிருக்கிறார்கள். போட்டுவிட்டேன்.

22 மே 2011

நேற்று பட்டியலில் இருக்கும் ஒரு பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனோம். பெயர் வேண்டாம்.

நுழைவுச் சாவடியில் ஆள் இல்லை. பக்கத்தில் கான்கிரீட்டில் நட்ட தடித்த இரும்புக் குழாய், மேலே உறை போடுகிற கீறல். ‘அயர்ன் ரேஞ்சர்’, அதாவது இரும்புக் காவலர் என்பார்கள். பணத்தை நாலாக மடித்து உறைக்குள் வைத்து, வண்டி எண்ணை எழுதி, ஓரத்துத் துண்டைக் கிழித்துக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, உறையைக் குழாய்க்குள் தள்ள வேண்டும். பேனா நாமே கொண்டுபோக வேண்டும். நான் பேனா தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய எஸ்யூவி வந்து நின்றது. இறங்கியவர் உறை ஒன்றை எடுத்தார், முன்னும் பின்னும் படித்தார், எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு மலையேறப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர் குழாய்ப் பக்கமே திரும்பவில்லை.

கழிப்பறையில் பூட்டு. தண்ணீர்க் குழாயில் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. ‘இது மூடி ரொம்ப நாளாச்சு, இவங்க இப்பதான் சொல்றாங்க’ என்றாள் மனைவி.

திரும்பும் வழியில் 17-ஆம் தேதி எழுதியதை நினைத்துக்கொண்டே வந்தேன். 70-ம் சேர்ந்து 6 சதவீத வருமானம் என்றேனே, அதில் எவ்வளவு ஜனம் வராததால், எவ்வளவு சாவடியில் ஆள் இல்லாததால்? இரும்புக் குழாய் வசூலித்ததை மட்டும் கணக்கெடுத்தால் எந்தப் பூங்காவும் நஷ்டப் பூங்காதான். சாவடியில் சனி, ஞாயிறு மட்டும் ஒரு மனிதரை உட்கார வைத்தால்கூடக் கணக்கு மாறும். தன்னார்வ அமைப்பு என்ற யோசனை அவ்வளவு மோசமில்லையோ என்று தோன்ற ஆரம்பித்திருக்கிறது.

9 ஜூன் 2011

மத்திய அரசு சும்மா இருக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்காது. 1965-லிருந்து நிலம், நீர் பாதுகாப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. அதில் காசு வாங்கி வளர்த்த பூங்காவைப் பொதுமக்களின் பொழுதுபோக்குக்குத் திறந்து வைத்தே ஆக வேண்டும், வேறு உபயோகத்துக்கு மாற்றினால் ஈடாக வேறு நிலம் தர வேண்டும். கலிஃபோர்னியா பல பூங்காக்களுக்கு இதில் வாங்கியிருக்கிறது.

2009-ல் 220 என்று சொன்னபோது தேசியப் பூங்காத் துறை கடிதமே எழுதியது. ஏஞ்சல் ஐலண்ட், மவுண்ட் டயாப்லோ உட்பட ஆறு இடங்கள் மத்திய அரசு கொடுத்த நிலத்தில் இருப்பவை, மூடினால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று. சான் பிரான்சிஸ்கோ வளைகுடா நடுவில் இருக்கிற தீவைப் பறிகொடுக்க எந்த ஆளுநருக்கும் மனசு வராது.

5 அக்டோபர் 2011

ஏபி 42-ல் நேற்று ஆளுநர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் சட்ட வாசகத்தைப் படித்து முடித்தேன். சங்கத்துப் பொருளாளர் கண்ணோடு படித்ததில் பிடித்ததும் பிடிக்காததும்:

முழுப் பூங்காவையும் அமைப்புகளிடம் விடுவது மாநிலம் முழுக்க 20-க்கு மேல் போகக் கூடாது. சட்டத்துக்கு ஆயுள் 2019 ஜனவரி 1 வரை. நிலம் அரசுடையதாகவே இருக்கும், நடத்துவது மட்டும் ஒப்பந்தம். இது வரைக்கும் நிதானமாக எழுதியிருக்கிறார்கள். ‘பூங்காவை விற்றுவிட்டார்கள்’ என்று இங்கே நேற்று ஒருவர் கத்தியதற்கு இதில் ஆதாரமே இல்லை.

பூங்காவில் கிடைக்கும் காசு முழுவதும் அந்தப் பூங்காவுக்கே செலவாக வேண்டும். பராமரிப்பு, நிர்வாகம், மேம்பாடு எதுவானாலும் அதே வேலிக்குள். அரசு நடத்தும்போது வசூல் முழுக்க மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் போய், அங்கிருந்து யாருக்கு எவ்வளவு திரும்பும் என்பது சாக்ரமெண்டோவுக்கே வெளிச்சம். ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கை கொடுத்து, அதை இணையத்திலும் போட வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளுக்காகவே இந்தச் சட்டத்துக்குக் கைதட்டுவேன்.

பிடிக்காதது: முழுதாக எடுத்து நடத்தும் அமைப்புக்கு அரசின் பொது நிதியிலிருந்து ஒரு சல்லிக்காசு கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம், பூங்காவுக்குள் வரும் மற்ற வருமானம், நன்கொடை, இவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் பாலம் ஒன்று அடித்துக்கொண்டு போனால்? கழிவுநீர்த் தொட்டி வெடித்தால்? இதுவரை செய்யாமல் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலைகள் மட்டுமே மாநிலம் முழுக்க 100 கோடி டாலருக்கு மேல் நிற்கின்றன. அந்தப் பாக்கியோடு சேர்த்துத்தான் சாவியைக் கொடுக்கிறார்கள்.

6 அக்டோபர் 2011

‘அப்படியானால் இனி ரேஞ்சர் வேலையையும் தன்னார்வலர்களே பார்ப்பார்களா’ என்று கேட்டவருக்கு: இல்லை. மாநிலப் பூங்கா ரேஞ்சர் என்பவர் துப்பாக்கி வைத்திருக்கிற, கைது செய்யும் அதிகாரமுள்ள காவலர். அந்த வேலையைச் சங்கத்துக்காரர்கள் செய்ய முடியாது. நம் சங்கத்தில் சிலருக்குச் செயற்குழுக் கூட்டத்தில் அந்த அதிகாரம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்கும், அது வேறு.

12 மார்ச் 2012

நிலவரம். சாமுவேல் டெய்லர், தோமாலஸ் பே, டெல் நார்ட் ரெட்வுட்ஸ் மூன்றுக்கும் பக்கத்தில் இருக்கும் தேசியப் பூங்காக்காரர்கள் கைகொடுக்கிறார்கள். ஹென்றி கோவுக்குப் பெரிய நன்கொடையாளர்கள் சிலர் சேர்ந்து ரேஞ்சர் சம்பளம் வரைக்கும் தருவதாக ஒப்பந்தம், அரசே தொடர்ந்து நடத்தும். போத்தே-நாபாவை நாபா கவுண்டியின் பூங்கா மாவட்டம் எடுக்கிறது. ஜாக் லண்டன், சுகர்லோஃப் இரண்டையும் சோனோமாவில் இருக்கிற தன்னார்வ அமைப்புகள் கேட்டிருக்கின்றன.

ஒரு வரைபடம் எடுத்து, தப்பித்த பூங்காக்களைப் பச்சைப் புள்ளியாகக் குறித்துப் பாருங்கள். மேரின், சோனோமா, நாபா, நம் சிலிக்கான் பள்ளத்தாக்கைச் சுற்றிய மலைகள். சுற்றிலும் எந்த மாதிரி வீடுகள் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கம் ஒரு பூங்காவுக்கு ஆபத்து என்றால் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் ஒப்பந்தம் படிப்பார், ஓய்வுபெற்ற ஆடிட்டர் கணக்கு எழுதுவார், திராட்சைத் தோட்டக்காரர் விருந்து வைத்து நிதி திரட்டுவார். இப்போது பாலைவனத்துப் பக்கம் வாருங்கள். மொஹாவியில் பிராவிடன்ஸ் மலையில் மிட்செல் குகைகள் என்று சுண்ணாம்புக் குகைகள். அங்கே வேலை பார்த்தவர்கள் ஓய்வுபெற்ற பிறகு 2011 ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள், பட்டியல் வருவதற்கும் முன்னால். ஆளில்லாத இடம் என்று தெரிந்ததும் திருடர்கள் வந்து செப்புக் கம்பியை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். சுற்றி எத்தனையோ மைலுக்கு வீடே இல்லை, பூங்காவுக்கு உதவ அக்கம்பக்கத்தார் சேர்ந்து வைக்கிற நண்பர் குழு எங்கிருந்து வரும்?

ஏபி 42 நல்ல சட்டம்தான். ஆனால் அது பூங்காவுக்கு உதவுகிற சட்டம் இல்லை. பூங்காவுக்குப் பக்கத்தில் வசதியான, ஓய்வு நேரமுள்ள மனிதர்கள் இருந்தால், அவர்களுக்கு வழிவிடுகிற சட்டம்.

13 மார்ச் 2012

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ‘பணக்காரர்கள் உதவினால் உங்களுக்கு என்ன எரிச்சல்’ என்று கேட்கிறார்கள். எரிச்சல் இல்லை. நானும் அந்தப் பச்சைப் புள்ளிகளுக்கு நடுவில்தான் குடியிருக்கிறேன். காசில் ராக் பிழைத்தால் முதலில் போவது நான்.

20 மே 2012

ஜாக் லண்டன் போய்வந்தோம். மாநிலத்தில் ஏபி 42-ன்படி தன்னார்வ அமைப்பு முழுதாக எடுத்த முதல் பூங்கா, இந்த மாதத் தொடக்கத்திலிருந்து. கிளென் எல்லன் ஊருக்கு மேலே மலைச்சரிவில், 1,400 ஏக்கர்.

சாவடியில் ஆள்! அறுபது அறுபத்தைந்து வயது அம்மா, தொப்பியும் கையில் வரைபடமுமாக. காசு வாங்கினார், எந்தப் பாதையில் நிழல் இருக்கும் என்று சொன்னார், பையனிடம் ‘பன்றி அரண்மனையைப் பார்க்காமல் போகாதே’ என்றார். நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கிறது. எழுத்தாளர் லண்டன் 1915-ல் கட்டிய கல் தொழுவம். நடுவில் வட்டமான தீவனக் கோபுரம், அதைச் சுற்றி வளையமாக அறைகள், ஒவ்வொரு பன்றிக் குடும்பத்துக்கும் தனி அறை, தனி முற்றம். ஓர் ஆள் நடுவில் நின்றபடி அத்தனைக்கும் தீனி போட்டுவிடலாம். பையன் ஒவ்வோர் அறையிலும் நுழைந்து ‘இது மாஸ்டர் பெட்ரூம்’ என்று அறிவித்துக்கொண்டே வந்தான். அதே மனிதர் தனக்காகக் கட்டிய கல் மாளிகை 1913-ல் குடிபோகும் முன்பே எரிந்துவிட்டது. ரெட்வுட் மரங்களுக்கு நடுவே சுவர்களும் புகைபோக்கிகளும் மட்டும் நிற்கின்றன. பன்றிகளுக்கு வாய்த்தது அவருக்கு வாய்க்கவில்லை.

முன்பு வாரத்தில் சில நாள் மூடியிருந்த இடம், இப்போது ஏழு நாளும் திறப்பு. பழைய ஒயின் ஆலையின் இடிந்த சுவர்களுக்கு நடுவில் கோடையில் மேடை போட்டு இசை நாடகம் நடத்தப் போகிறார்கள், டிக்கெட்டில் ஒரு பங்கு பூங்காவுக்கு. கழிப்பறை திறந்திருந்தது, தாளும் இருந்தது. போன வருடம் நான் எழுதியதையெல்லாம் எடுத்துப் போட்டு ‘இப்ப என்ன சொல்றீங்க’ என்று கேட்கப் போகிறீர்கள். இந்தப் பூங்காவைப் பொறுத்தவரை சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக நடத்துகிறார்கள். ஜாக் லண்டன் என்ற பெயருக்கே ஆள் வரும், ஒயின் ருசிக்க வருகிற கூட்டம் வேறு. இதே சாமர்த்தியத்தைப் பெயர் தெரியாத ஒரு சதுப்பு நிலத்தில் காட்டட்டும், அப்போது பேசுவோம்.

2 ஜூலை 2012

கெடு முடிந்தது. பட்டியலில் கிட்டத்தட்ட எல்லாமே ஏதோ ஒரு கையைப் பிடித்துத் தப்பித்துவிட்டன. பிராவிடன்ஸ் மலை மட்டும் பூட்டிய பூட்டோடு.

சைனா கேம்ப்பை நண்பர் குழு பார்த்துக்கொள்கிறது. சான் ரஃபேல் பக்கம், 1880-களில் நானூறு ஐந்நூறு சீன மீனவர்கள் இறால் பிடித்துக் காயவைத்துச் சீனாவுக்கு அனுப்பிய கிராமம். அவர்களை ஓட்டுவதற்கென்றே ஏற்றுமதித் தடை, வலைத் தடை என்று அந்தக் காலச் சட்டமன்றம் அடுக்கடுக்காகச் சட்டம் போட்டது. மிஞ்சிய குவான் குடும்பத்தில் ஒருவர் இன்னும் அங்கேயே வசிக்கிறார். சட்டம் போட்டு விரட்டிய இடத்தை இன்னொரு சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறார்கள், கலிஃபோர்னியாவின் தமாஷ். இப்போது அங்கே நடப்பவர், சைக்கிளில் வருபவர் எல்லாரிடமும் பாதைக் கட்டணம் கேட்கிறார்கள் என்று சைக்கிள்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். பொதுநிதியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம் என்றால் கரடியா வந்து கழிப்பறை கழுவும்?

21 ஜூலை 2012

பார்த்தீர்களா கூத்தை!

பூங்காத் துறையின் கணக்கில் 5.4 கோடி டாலர் காட்டாமல் கிடந்திருக்கிறது. வருடக்கணக்காக. இயக்குநர் ரூத் கோல்மன் ராஜினாமா. 2.2 கோடி இல்லை என்று 70 பூங்காவை மூடப் பார்த்தவர்களிடம் 5.4 கோடி!

எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை முழுக்க முறுக்கும் வடையும் விற்றுப் பூங்காவுக்கு ஒரு செக் அனுப்பினார்கள். இன்று காலை ஓர் அப்பா போன் செய்து, ‘சார், அதைத் திருப்பிக் கேட்கலாமா’ என்கிறார். என்ன பதில் சொல்ல?

24 ஜூலை 2012

கொஞ்சம் ஆறியபின் எழுதுகிறேன். ‘5.4 கோடியை வைத்துக்கொண்டு நாடகம் ஆடினார்கள்’ என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். அதைப் பிரித்துப் பாருங்கள். 3.35 கோடி, மண்பாதையில் ஓட்டும் வண்டிகளுக்கான தனி நிதியைச் சேர்ந்தது. அந்த வண்டிக்காரர்கள் கட்டிய காசு, சாதாரணப் பூங்காவுக்குத் தொட முடியாது. பூங்கா நிதியில் மறைந்திருந்தது 2.04 கோடி. மூடுவதால் மிச்சம் என்று சொன்னது 2.2 கோடி. அதாவது வெட்டுக்கும் மறைத்ததற்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் வெட்டு வருடாவருடம், இது ஒரே தடவைப் பணம். ஒரு வருடம் தாங்கியிருக்கும், அப்புறம் பழைய கதைதான்.

அந்த அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நாம் கொடுத்தது பூங்காவின் நண்பர் குழுவுக்கு, சாக்ரமெண்டோவுக்கு இல்லை, அந்தக் குழு போட்ட வரவு செலவு இணையத்தில் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றேன். அனுப்பினேன். படித்துவிட்டு ‘உங்க சங்கக் கணக்கைவிடத் தெளிவா இருக்கே’ என்று பதில் போட்டார்.

அதுதான் விஷயம். முறுக்கு விற்ற காசுக்கு ரசீது கேட்கிற சட்டத்தைத் தன்னார்வ அமைப்புக்குப் போட்டவர்கள், தங்கள் துறையின் கஜானாவை எட்டிப் பார்க்கவில்லை.

30 செப்டம்பர் 2012

இரண்டு மசோதாக்கள் சட்டமாகிவிட்டன. ஏபி 1478: இரண்டு ஆண்டுகளுக்கு எந்தப் பூங்காவையும் மூடக் கூடாது. கண்டெடுத்த பணத்திலிருந்து 1 கோடி டாலர், நன்கொடையாளர்கள் கொடுத்ததற்கு அரசின் பங்காக ஈடு வைக்க. கொடுத்து ஏமாந்தோம் என்று நினைப்பவர்களைச் சமாதானப்படுத்துகிற வழி, மோசமில்லை. இன்னொன்று ஹஃப்மனின் ஏபி 1589, துறை சொந்த வருமானத்தைப் பெருக்கத் திட்டம் போட வேண்டும் என்கிறது. வருமானம் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மூடுகிற பட்டியலுக்குப் பதில் கட்டணப் பட்டியல் வந்துவிடக் கூடாது.

7 ஜனவரி 2013

அட்டர்னி ஜெனரல் அலுவலக விசாரணை அறிக்கை வந்துவிட்டது. யாரும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளவில்லை. மிச்சம் இருப்பதாகச் சொன்னால் அடுத்த பட்ஜெட்டில் வெட்டிவிடுவார்கள், இத்தனை நாள் சொல்லாததும் வெளியே வந்து மானம் போகும் என்று பயந்து தெரிந்தே மறைத்திருக்கிறார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எந்த மாமாவைக் கேட்டாலும் மார்ச் மாதம் வந்தால் பட்ஜெட் பணத்தை ஏன் அவசரமாகச் செலவழிப்பார்கள் என்று சொல்லுவார். இவர்கள் செலவழிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. புது இயக்குநர் ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல், ஆந்தனி ஜாக்சன். கணக்கை அணிவகுத்து நிற்க வைப்பார் என்று நம்புவோம்.

20 அக்டோபர் 2017

இந்த இழை செத்துவிட்டது என்று நினைத்தேன். சோனோமா தீயில் சுகர்லோஃப் பெரும்பகுதி எரிந்துவிட்டது. பார்வையாளர் கூடமும் நட்சத்திரம் பார்க்கும் ஃபெர்கூசன் கூடமும் தப்பின. முகாமிட்டிருந்தவர்களை ராத்திரியோடு ராத்திரியாக எழுப்பி வெளியே அனுப்பியது பூங்காவை நடத்தும் அமைப்பின் ஆட்கள். 2011-ல் ‘பாலம் அடித்துக்கொண்டு போனால்’ என்று கேட்டிருந்தேன், பாலம் இல்லை, மலையே எரிந்திருக்கிறது. இனி மாதக்கணக்கில் நுழைவுக் கட்டணமும் இல்லை, முகாம் கட்டணமும் இல்லை. பொதுநிதியிலிருந்து சல்லிக்காசு கிடையாது என்ற வரி எவ்வளவு கனம் என்று இப்போது தெரியும்.

6 நவம்பர் 2017

மிட்செல் குகைகளைத் திறந்துவிட்டார்கள். ஆறு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. திறந்தது அரசுதான், அரசுக் காசில்தான். எந்த நண்பர் குழுவும் எடுத்து நடத்த வரவில்லை. முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். செல்போன் எடுக்காது, பெட்ரோலை வழியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

18 ஆகஸ்ட் 2019

காசில் ராக்கில் புது நுழைவாயில் திறந்திருக்கிறார்கள், கிர்க்வுட் பெயரில். செம்பர்வைரன்ஸ் நிதி என்கிற பழைய அமைப்பு காசு திரட்டி, கட்டி முடித்து, மாநிலத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டது. நடத்துவது அரசு. எட்டு வருடம் இந்த இழையில் மாறி மாறிப் பேசிய பிறகு எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். கட்டுவது ஒரு தடவைச் செலவு, அதை அமைப்புகள் ஜோராகச் செய்கின்றன. நடத்துவது வருடாவருடச் செலவு, மழையானாலும் தீயானாலும் யாராவது பொறுப்பில் இருக்க வேண்டும். வரி கட்டுகிறோம் இல்லையா, அதை அரசே செய்யட்டும்.

பாறை ஏறப் பையனைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், நேரமானால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மழை பெய்திருந்தால் நன்றாகக் காயும் வரை ஏற வேண்டாம். அது மணற்கல், ஈரத்தில் பிடி கையோடு பெயர்ந்து வந்துவிடும்.